முன்னூற்றுப் பன்னிரண்டும் சித்தப்பாவும்

பிளஸ் டூவில் நான் அறுநூறுக்கு முன்னூற்றுப் பன்னிரண்டு வாங்கினேன். வாங்கியவள் நான், வருத்தப்பட்டவர்கள் மற்றவர்கள். ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில், அந்த வாரம் முழுக்கத் துக்கம் விசாரிப்பதுபோல வீட்டுக்கு வந்துபோனார்கள். பெரியம்மா பிஸ்கட் பொட்டலத்தோடு வந்து, “நர்ஸிங் படிக்கட்டும், அதுக்கெல்லாம் மார்க் வேணாம்” என்று தீர்ப்புச் சொன்னார்.

எனக்கும் அதுதான் ஆசை. அதற்கும் மார்க் வேண்டும் என்பதை அரசுக் கலந்தாய்வின் தரவரிசைப் பட்டியல் சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். என் பெயரைத் தேடி செல்போன் திரையைத் தள்ளித் தள்ளி அப்பாவுக்குக் கட்டைவிரல் வலித்துப்போயிற்று.

கடைசியில் தஞ்சாவூருக்கு வெளியே ஒரு தனியார் கல்லூரியில் சில இடங்கள் மிச்சம் என்று நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். அப்பாவால் வர முடியவில்லை. குறுவை நெல்லை அறுத்துக் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டிவிட்டு, தார்ப்பாய் போட்டு நான்கு நாளாகக் காவல் இருந்தார்.

“நெல்லுக்கு ஈரப்பதம் கூடிப்போச்சு, பொண்ணுக்கு மார்க்கு கொறஞ்சுபோச்சு. நான் எதைன்னு பாக்குறது?” என்றவர், எங்கள் வீட்டிலேயே இருந்த சித்தப்பாவைத் துணைக்கு அனுப்பினார். சித்தப்பா எங்கள் குடும்பத்தின் முதல் பட்டதாரி. அந்தப் பட்டத்தை வைத்து இருபது வருடமாக அறிவுரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் பாடம் நடந்தது. “எதைக் கேட்டாலும் ‘மை ஆம்பிஷன் இஸ் டு சர்வ் த பீப்பிள்’னு சொல்லு.”

“அப்பா பேரைக் கேட்டா சித்தப்பா?”

“எடக்கு பேசாத.”

கல்லூரி வராந்தாவில் காத்திருந்த அத்தனை பெண்களும் அதே வாக்கியத்தை முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். அவ்வளவு பேரும் சேவை செய்யக் கிளம்பினால் மக்கள் போதாது.

உள்ளே தாளாளரும் முதல்வர் மேடமும் இருந்தார்கள். தாளாளர் மதிப்பெண் பட்டியலைப் பார்த்தார். “கெமிஸ்ட்ரில நாப்பத்தி ஒண்ணு. என்னம்மா ஆச்சு?”

“படிச்சுத்தான் சார் வாங்குனேன்.”

சித்தப்பா குறுக்கே புகுந்தார். “அன்னைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் சார்.”

“பிசிக்ஸ்லயும் நாப்பத்தி மூணுதான் இருக்கு.”

“அதே காய்ச்சல்தான் சார்.”

மேடம் பட்டியலை வாங்கி மூடிவைத்தார். “ஒரு பேஷண்ட் திடீர்னு வாந்தி எடுக்குறாரு. மொதல்ல என்ன செய்வ?”

ஆம்பிஷன் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இந்தக் கேள்விக்கு எனக்கு உண்மையிலேயே பதில் தெரியும்.

“ஒருக்களிச்சுப் படுக்க வைப்பேன் மேடம். மல்லாந்து கெடந்தா மூச்சுக்குழாய்க்குள்ள போயிரும். வாயைத் தொடைச்சுவிட்டு, வந்தது என்ன நெறம்னு பாப்பேன். ரத்தம் தெரிஞ்சா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும். இல்லன்னா, நல்லா முழிச்சப்புறம் கொஞ்சம் கொஞ்சமா தண்ணி குடுப்பேன்.”

“புக்குல படிச்சியா?”

“இல்ல மேடம். வீட்டுல ஒருத்தருக்கு வாரத்துல ரெண்டு நாள் இப்படி ஆகும்.”

“என்ன வியாதி?”

நான் மேடம் மூடிவைத்த பட்டியலைப் பார்த்தேன். சித்தப்பா நிமிர்ந்து மின்விசிறியைப் பார்த்தார். அது ஓடவில்லை. மேடம் அவருடைய சிவந்த கண்களையும் நடுங்கிய விரல்களையும் பார்த்தார். “சார், நீங்க கொஞ்சம் வெளிய இருங்க” என்றார்.

சித்தப்பா போனதும் மேடம் என்னிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். “அருவருப்பா இருக்காதா?”

“இருக்கும் மேடம். எல்லாம் தொடைச்சு முடிச்சப்புறம்தான் அது தோணும்.”

அன்று பிற்பகல் ஒட்டிய பட்டியலில் என் பெயர் இருந்தது. திரும்பும்போது பாதி வழியில் சித்தப்பா ஜன்னலைப் பார்த்தபடியே, “யாருன்னு சொல்லியிருக்கலாம் நீ. சொல்லாம விட்டுட்ட” என்றார். அந்த வாரம் அவர் குடிக்கவில்லை. அடுத்த வாரம் குடித்தார்.

முதல் வருடம் பயோகெமிஸ்ட்ரியில் தோற்று, மறுபடி எழுதித் தேறினேன். இப்போது தஞ்சாவூரில் ஒரு மருத்துவமனையின் ஆண்கள் வார்டில் வேலை. ஊரிலோ, “நான் கூடப் போகலன்னா அந்தப் பிள்ளைக்கு சீட்டே கெடைச்சிருக்காது” என்று சித்தப்பா சொல்லிக்கொண்டு திரிகிறார். உண்மை என்பதால் நான் மறுப்பதில்லை. அதை நம்பி இரண்டு வீட்டார் தங்கள் பெண்களுக்கும் அவரையே துணைக்கு அனுப்பினார்கள். ஒருத்திக்குக் கிடைத்தது.