முதல் வரிசைக் கதிரை

சனிக்கிழமை காலை ஏழே கால். கொழும்பு புறக்கோட்டையில் அவிசாவளை பஸ் ஏறும்போதே வலக்கை கால்சட்டைப் பைக்குள் போய்விட்டது. உள்ளே ஒரு பென் டிரைவ். ஹங்வெல்லை வருவதற்குள் நாலைந்து தடவை தொட்டுப் பார்த்துவிட்டேன். பக்கத்து ஆசனக்காரர் என்னைக் கொஞ்சம் தள்ளி உட்காரச் சொன்னார். பணம் பறிகொடுத்தவன் முகம் எனக்கு இருந்திருக்க வேண்டும்.

பென் டிரைவில் இருந்தது ஐம்பத்திரண்டு நிமிட ஆவணப்படம். கேகாலை மாவட்டத்து இறப்பர்த் தோட்டம் ஒன்றில், நாற்பது வருடங்களுக்கு முந்திய கலவர இரவில் தொழிலாளர் குடியிருந்த லயங்கள் எரிந்த கதை. படத்தை எடுத்த நிரோஷா வெளிநாட்டில் இருந்தாள். தமிழ் விவரணை எழுதியவன் நான். பேசியவர்களுக்குத்தான் முதலில் காட்டுவோம் என்று அவள் அங்கே வாக்குக் கொடுத்திருந்தாள். அந்த வாக்கைத் தூக்கிக்கொண்டு போகும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

அவிசாவளையில் மழை பிடித்தது. அங்கிருந்து கரவனெல்லைக்கு இன்னொரு பஸ். ஜன்னலுக்கு வெளியே இறப்பர் மரங்கள், எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்து, யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடக் காத்திருப்பவை போல. பால் வெட்டிய காயத்தில் மழை இறங்காமல் ஒவ்வொரு மரத்துக்கும் இடுப்பில் பொலிதீன் பாவாடை கட்டியிருந்தார்கள். மழையில் அத்தனை பாவாடைகளும் படபடத்தன. இந்த மரங்களுக்கு நாற்பது வயது இருக்காது, அன்றைக்கு நின்றவற்றைத் தறித்து மறுபடி நட்டிருப்பார்கள் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஏன் அது ஆறுதலாக இருந்தது என்று தெரியவில்லை.

கரவனெல்லையிலிருந்து தோட்டம் ஆறு கிலோமீற்றர். ஆட்டோவுக்கு எண்ணூறு ரூபாய். ஓட்டியவருக்குப் படத்தின் செய்தி ஏற்கெனவே எட்டியிருந்தது.

"படம் போடுறது நீங்களா சார்? ஹீரோ யாரு?"

"ஹீரோ யாரும் இல்லை."

"சண்டையாவது இருக்கா?"

"இருக்கு."

"அப்ப பரவால்ல. நானும் வாறேன்."

பதினொன்றரைக்குத் தோட்டத்துக் கோயிலடியில் இறங்கினேன். மண்டபத்தில் படம் காட்ட வெள்ளைச் சீலை கட்டியாகிவிட்டது. வாசலில் ஒரு லொறி நின்றது. அதிலிருந்து நீலநிறப் பிளாஸ்டிக் கதிரைகளை ஒருவன் இறக்கிக்கொண்டிருந்தான். முப்பது வயது. கதிரைகளின் முதுகில் சிங்களத்தில் ஒரு கடையின் பெயர். அந்தப் பெயரை எனக்குத் தெரியும். படத்தின் முப்பத்தோராவது நிமிடத்தில் அது வருகிறது.

கோயில் தலைவர் மாரிமுத்து என் பையை வாங்கிக்கொண்டார்.

"எல்லாம் ரெடிங்க. பிரதம விருந்தாளியும் வாறேன்னுட்டார்."

"யாரு?"

"கட முதலாளிதான். வேற யாரு? கதிர அவருது, பந்தல் அவருது, மைக் செட்டும் அவருதான். கோயில்ல என்ன நடந்தாலும் மொத மால அவருக்குத்தானுங்க."

 முப்பத்தோராவது நிமிடத்தில் இந்தத் தோட்டத்து விசாலாட்சி அக்கா கமராவைப் பார்த்துச் சொல்கிறார்: அந்த இரவு கடை லொறியில் மண்ணெண்ணெய்ப் பீப்பா வந்தது, டோர்ச் லைட்டைப் பிடித்து லயத்தின் எந்தக் காம்பராவில் தமிழர், எதில் சிங்களவர் என்று ஒவ்வொரு கதவாகக் காட்டியவர் பழைய முதலாளி, காட்டிய கதவுகளில் ஒன்றுக்குள் அக்காவின் அப்பா இருந்தார். இன்றைய முதலாளி அந்தப் பழைய முதலாளியின் மகன்.

"படத்துல அவரோட அப்பாவைப் பத்தி இருக்கே, தலைவர்" என்றேன் தாழ்ந்த குரலில்.

மாரிமுத்து கதிரை ஒன்றின் ஈரத்தைத் துடைத்தார். "அவருக்குத் தெரியாததா?"

விசாலாட்சி அக்காவை அவருடைய காம்பராவில் போய்ப் பார்த்தேன். பால் வெட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்று இரண்டு வருடம். விரல் இடுக்குகளில் இன்னமும் இறப்பரின் கறை. பிளேன்டீ தந்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். லொறியிலிருந்து கதிரை இறக்கியவன் அவருடைய மகன் ரவி என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆறு வருடமாக முதலாளியின் லொறியை ஓட்டுகிறான். வீட்டில் வேறு வருமானம் இல்லை.

"அக்கா, உங்க பகுதி எட்டு நிமிசம். அதைத் தாண்டிப் போட்டுடலாம். யாருக்கும் தெரியாது."

"நிரோஷா புள்ள மூணு தடவ வந்து கெஞ்சித்தான் பேசுனேன். இப்ப நீங்க வந்து வேணாங்கிறீங்க."

"ரவியோட வேலை…"

"அவன் பயந்துதான் இருக்கான். காலயில இருந்து சாப்பிடல." கிளாஸைக் கையில் உருட்டினார். "நீங்க அத எடுத்துட்டா நாளைக்கு இந்த லயத்துல என்ன சொல்லுவாங்க? விசாலாச்சி பொய் சொன்னா, அதான் படத்துலயே போடலன்னு. போடுங்க தம்பி."

ஆறரைக்கு முதலாளி வந்தார். ஐம்பது வயது, வெள்ளைச் சட்டை, கையில் குழந்தைகளுக்கு ஒரு டொபிப் பெட்டி. மாரிமுத்து மாலை போட்டார். முதலாளி குத்துவிளக்கை ஏற்றி, முதல் வரிசையின் நடுவில், வெள்ளைத் துணி விரித்த கதிரையில் உட்கார்ந்தார். ஆட்டோக்காரர் உண்மையாகவே வந்து கடைசி வரிசையில் இருந்தார். ரவி உட்காரவில்லை. தூணோடு நின்றான்.

நான் மடிக்கணினிக்குப் பின்னால் இருந்தேன். எட்டு நிமிடத்தைத் தாண்ட ஒரு விரல் போதும். இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது. விரலைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டேன்.

சீலையில் விசாலாட்சி அக்காவின் முகம் வந்தது. கீழே சிங்கள எழுத்து ஓடியது. முதலாளி அதை உதடசைத்து வாசித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் உதடுகள் நின்றன. அதன் பின் எழுத்து மட்டும் ஓடியது. மண்டபத்தில் ஒரு கதிரைகூடக் கிறீச்சிடவில்லை. சனம் படத்தைப் பார்க்கவில்லை, அவருடைய பிடரியைப் பார்த்தது.

படம் முடிந்ததும் எழுந்தார். மாலையைக் கழற்றிக் கதிரையில் வைத்தார். தேநீர் குடிக்காமல், ரவியிடம் கைநீட்டி லொறித் திறப்பை வாங்கி, தானே ஓட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஏம்பா, இப்பிடிப் போறாரு?" என்றார் ஆட்டோக்காரர். மாரிமுத்து கதிரையில் கிடந்த மாலையைக் கையில் எடுத்தார். "இவருக்கு இது தெரியாது போலிருக்கே" என்றார்.

இரவு அக்காவின் காம்பராவில் ரவியின் கைத்தொலைபேசி மேசையில் கிடந்தது. தினமும் மறுநாள் லோட்டுக்கு முதலாளி அதில் கூப்பிடுவாராம். கூப்பிடவில்லை. எனக்கு ஒதுக்கிய மூலையில் நான் தூங்காமல் கிடந்தேன். கூரையில் மழை விழுந்தபோதெல்லாம் யாரோ நடக்கிறார்கள் என்று எழுந்து உட்கார்ந்தேன். விசாலாட்சி அக்காவின் கட்டிலும் இரண்டொரு தடவை கிறீச்சிட்டது.

ஞாயிறு காலை. பஸ் நிறுத்தம் கடைக்கு முன்னால்தான். "சீனி வாங்கணும், நானும் வாறேன்" என்றார் விசாலாட்சி அக்கா. சமையல் திட்டில் சீனிப் போத்தல் நிறைந்திருந்ததை நான் பார்த்திருந்தேன். ரவி எங்களுக்குப் பத்தடி பின்னால் வந்தான். 

கடை திறந்திருந்தது. முதலாளி நேற்றைய சட்டையோடு இருந்தார்.

"ஒரு கிலோ சீனி, மாத்தயா."

தராசில் நிறுத்தார். பையின் வாயைக் கட்டாமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். தோட்டத்துப் பிள்ளைகளோடு விளையாடிப் பழகிய தமிழ் அவருக்கு வரும், இடையிடையே சிங்களம் கலந்து.

"இவ்ளோ வருசம் எனக்கு மால போட்டீங்க நே. ஏன்?"

விசாலாட்சி அக்கா மேசையில் கைவைத்துக்கொண்டார். 

"ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம் மாத்தயா. அப்பா செஞ்சதுக்குத்தான் நீங்க கதிர குடுக்கிறீங்க, பந்தல் குடுக்கிறீங்கன்னு. அத நாங்க ஏத்துக்கிட்டோம்னு காட்டத்தான் மொத மால. ஒங்களுக்குத் தெரியாதுன்னு எங்க யாருக்கும் தெரியாது."

முதலாளி வெளியே பார்த்தார். எதைப் பார்த்தார் என்று எனக்குத் தெரியவில்லை. லொறி நின்றது, அதனருகே ரவி நின்றான்.

"நான் நல்ல மனுசன்னு நெனச்சேன்" என்றார். "அதுக்குத்தான் மாலன்னு."

 முதலாளி லாச்சியைத் திறந்து லொறித் திறப்பை எடுத்து மேசையில் வைத்தார். "ரவி, மாவனல்லை லோட்" என்றார். ரவி வந்து எடுத்தான். அம்மாவின் முகத்தைப் பார்க்காமலே போனான்.

சீனிப் பையை இப்போதுதான் கட்டினார். கட்டிக்கொண்டே, குனிந்தபடியே, மெதுவாகக் கேட்டார்.

"அந்தக் காம்பரா எதுன்னு எனக்குக் காட்டுவீங்களா, அக்கா?"

மேசையில் இருந்த கையை விசாலாட்சி அக்கா இழுத்துக்கொண்டார். அவர் எந்த இரவை நினைத்தார் என்பது எனக்குத் தெரியும். எந்தக் கதவு என்று அந்தக் குடும்பத்தில் ஒருவர் காட்டினார், இன்னொருவர் கேட்கிறார்.

"பகல்ல வாங்க" என்றார்.

பஸ் வந்துவிட்டது. எனக்கு ஏறிப்போக ஒரு பஸ் இருந்தது. திரும்பிப் பார்த்தபோது விசாலாட்சி அக்கா சீனியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு இன்னும் கடை வாசலில்தான் நின்றார். முதலாளி அந்தக் காம்பராவைப் பார்க்கப் போனாரா, போனால் என்ன நடந்தது என்று கேட்க பஸ்ஸிலிருந்தே இரண்டு தடவை மாரிமுத்துவின் இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்க முன் நிறுத்திவிட்டேன்.

கொழும்பில் நான் குடியிருக்கும் ஒழுங்கையிலும் அந்தக் கலவரத்தில் வீடுகள் எரிந்தன என்று சொல்வார்கள். பதினெட்டு வருடமாக அங்கே இருக்கிறேன். எந்த வீடுகள் என்று கேட்டதில்லை. என் வீடாகவும் இருக்கலாம். ஒழுங்கை முனையில் இறங்கியபோது பிற்பகல் இரண்டு மணி, நல்ல வெளிச்சம். எந்தக் கேற்றைத் தட்டிக் கேட்பது என்று தெரியாமல் பையோடு நின்றேன்.