மோசஸ் ஜீப்புக்கு ஸ்கேனர் வாங்கின கதை

மோசஸ் எனக்கு மகன் முறை. ஊத்துக்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட என் சின்னம்மா மகள் ரூத்து பெற்ற பிள்ளை. ரூத்தின் புருஷன், கிணறு வெட்டுவதற்கு முன்னாலேயே மோட்டார் வாங்கி வீட்டில் வைத்து, அதன் மேல் துணி காயப்போட்ட மனுஷன். அந்த ரத்தம் மகனிடம் ஓடாமல் எங்கே போகும்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்புக் கம்பி ஆலையில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான் மோசஸ். ஆலையை மூடினதும் மற்றவர்கள் ஷேர் ஆட்டோ வாங்கினார்கள். இவன் மட்டும் நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற பழைய ஜீப் ஒன்றை வாங்கி வந்து தெருவை அடைத்து நிறுத்தினான்.

"நம்ம தெருவுல மலை ஏதாவது கீதா?" என்று கேட்டாள் அவன் பெண்டாட்டி ஏஞ்சலின். "ஸ்பீட் பிரேக்கர் ஏறுறதுக்கா இத்த வாங்கின?"

மோசசுக்கு ஒரு கணக்கு இருந்தது. பழவேற்காட்டுப் பக்கத்துக் குப்பம் ஒன்றில், கரையிலிருந்து ரோடு வரைக்கும் மணல். மீன் பெட்டிகளை அதைத் தாண்டிக் கொண்டுவர ஒரே ஒரு டிராக்டர். அதன் சொந்தக்காரனுக்கோ ஜமீன்தார் மிதப்பு. குப்பத்துப் பெரியவர் மணவாளனுக்கு அவனைக் கண்டாலே பேஜார். "திங்கக்கிழமை வந்து மணல்ல ஏறிக் காட்டு மோசசு. ஏறிட்டா இந்த வேலை இனிமே உனக்குத்தான். சிக்கிக்கினா அவனே இருந்துட்டுப் போட்டும்," என்று சொல்லிவிட்டார்.

மோசசுக்கு அந்தத் திங்கட்கிழமையை விட்டால் வேறு வேலை கிடையாது. வியாழக்கிழமை பார்த்து ஜீப்பில் ஒரு மஞ்சள் விளக்கு எரிய ஆரம்பித்தது. நாலு சக்கரத்துக்கு மாற்றுகிற குமிழைத் திருகினால் டிக்கென்று ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். முன் சக்கரங்கள் விருந்தாளி மாதிரி சும்மா இருந்தன.

ஏஞ்சலினின் அண்ணன் அன்புசெல்வனுக்கு அன்று பண்டிகை. வள்ளூர் அனல்மின் நிலையத்தில் கான்ட்ராக்ட் பிட்டர் அவன். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச்சில் பாட்டு நடத்துகிறவன். இரண்டு இடத்திலும் வாய் ஓயாது.

"மாப்ள, நாலு வீலு இழுக்கும்னியே. ஸ்டெப்னியையும் சேத்து எண்ணினியா?"

கம்பெனி ஒர்க்ஷாப்பில், வண்டியை விட்டுவிட்டு அடுத்த வாரம் வா என்றார்கள். தெரிந்த மெக்கானிக்கோ, ஸ்கேன் போடாமல் கை வைக்க மாட்டேன், அந்தக் கருவி என்னிடம் இல்லை என்றான். அன்புசெல்வன்தான் யோசனை சொன்னான். தீப்பெட்டி அளவில் ஒரு டப்பாவாம். ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகினால் வண்டியின் வியாதியெல்லாம் போனில் வந்துவிடுமாம். மோசசும் வாங்கிச் சொருகினான். போனில் பச்சை டிக் வந்தது. குறை ஒன்றுமில்லை என்றது. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது.

"வண்டி நல்லாத்தான் கீது மாப்ள. ஓட்டுறவனைத்தான் ஸ்கேன் பண்ணணும்."

"அடுத்தது உனக்குத்தாண்ணா ஸ்கேனு," என்றாள் ஏஞ்சலின்.

சனிக்கிழமை மூன்று பேரும் ஜீப்பிலேயே கவரைப்பேட்டைக்குப் போனார்கள். அங்கே துர்காதேவி என்கிற பெண் ஒர்க்ஷாப் சாமான் கடை வைத்திருக்கிறாள். மோசஸ் திங்கட்கிழமை மணல் விஷயம்வரை எல்லாவற்றையும் சொன்னான். தீப்பெட்டி டப்பாவைப் பார்த்ததும் அவள் சிரித்துவிட்டாள்.

"இது எஞ்சினை மட்டும் பாக்கும்ண்ணா. உனக்குக் கோளாறு நாலு வீல்ல. முட்டி வலின்னா மூக்கையா ஸ்கேன் எடுப்பே?"

இரண்டு கருவிகளை எடுத்து மேசைமேல் வைத்தாள். ஒன்று சோறு போடுகிற தட்டு அகலம். அன்புசெல்வன் அதைத் தடவிக்கொண்டே, "பெருசா கீது மாப்ள, இத்தையே எடு," என்றான்.

"அது ஒர்க்ஷாப்காரனுக்கு. வருஷா வருஷம் அப்டேட்டுக்கு டப்பு கேக்கும். பெருசா கீதுன்னு சர்ச்சு மணிய வாங்கி ஊட்ல மாட்டுவியாண்ணா?" சின்னதை மோசஸ் பக்கம் தள்ளினாள். "இதுல எஞ்சினு, பிரேக்கு, நாலு வீல் மாத்துற பெட்டி மூணும் பாக்கலாம். ஸ்க்ரீன் இதுலயே கீது. மணல்ல சிக்னலுக்கு எங்க போவ?"

"என் வண்டிக்கு ஒத்துக்குமா?"

"டப்பா மேல ஆயிரம் எழுதியிருப்பான். வண்டி வாசல்லதான நிக்குது, சொருகிப் பாரு. படிச்சா வாங்கு, இல்லாட்டி வெச்சிட்டுப் போ."

சொருகினான். எஞ்சினில் குறை இல்லை. பிரேக் பக்கம் போனதும் குறை மாட்டிக்கொண்டது: பின்னால் இடது சக்கரத்திலிருந்து தகவல் வரவில்லை. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அதன் வேகத்தைச் சொல்ல ஒரு சென்சார் உண்டாம். ஒன்று வாயை மூடிக்கொண்டால் பெட்டி பயந்துபோய் நாலையும் சேர்க்காதாம்.

மோசஸ் சாக்கு விரித்து அடியில் புகுந்தான். வெளியே வரும்போது கையில் ஒரு கறுப்புக் கயிறு. அதில் படிகாரக் கட்டி, காய்ந்த மிளகாய், ஓர் எலுமிச்சம்பழம், எல்லாம் சேறு அப்பிப் பிள்ளைத் தலை அளவு. சென்சார் ஒயரில் கட்டியிருந்தது. கனம் தாங்காமல் சாக்கெட் கழன்றுவிட்டது.

எங்கள் ஜனத்தில் புது வண்டி வாங்கினால் பாஸ்டர் வந்து ஜெபிப்பார். எலுமிச்சம்பழத்தை முன்னால் தொங்கவிட்டால் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் பேர் சொல்லிக் கிழிப்பார். ஆனால் கண்ணேறு பயம் ஞானஸ்நானத்தில் கரைகிறதா என்ன? அதனால் முன்னால் ஜெபம், பழம் யார் கண்ணிலும் படாத இடத்தில்.

"நீயாடி?" என்றான் மோசஸ்.

ஏஞ்சலின் கயிற்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். "இந்த முடிச்சு எனக்குத் தெரியும்யா. சின்ன வயசுல என் சடையை இப்படித்தான் கட்டிவுடுவான் எங்கண்ணன். அவுக்கக் கத்திரிக்கோல்தான் வேணும்."

அன்புசெல்வன் எதிரே இருந்த டீக்கடை போர்டை எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டிருந்தான்.

"ண்ணா!"

"இன்னாடி பண்ணச் சொல்ற? மணல்ல போற வண்டி. நீ வேற உக்காந்துகினு போவ. ஊர்க்கண்ணு சும்மா இருக்குமா? பாஸ்டர் கண்ணுல படாத எடமா தேடினேன், கட்டத் தோதா ஒரு ஒயரு இருந்துச்சு."

துர்காதேவி கல்லாவில் தலை சாய்த்துச் சிரித்தாள். மோசஸ் மறுபடி அடியில் புகுந்தான். சாக்கெட்டைச் சொருகி, ஸ்கேனரில் குறையை அழித்துக் கொஞ்சதூரம் ஓட்டிப் பார்த்தான். விளக்கு அணைந்தது. குமிழைத் திருகினதும் முன் சக்கரம் கவ்வியது. ஸ்கேனருக்குக் காசைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார்கள்.

மறுநாள் பாஸ்டர் மூடநம்பிக்கையைப் பற்றித்தான் பிரசங்கித்தார். அன்புசெல்வன் அன்று கூரை அதிரப் பாடினான்.

திங்கட்கிழமை ஜீப் பெட்டிகளைச் சுமந்து மணலில் ஒருதரம் திணறியது, முன் சக்கரம் பிடித்ததும் முக்கிக்கொண்டு ரோட்டில் ஏறியது. டிராக்டர்காரன் பீடியைத் தூக்கி எறிந்துவிட்டுப் போனான். மணவாளன் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நாளையிலேர்ந்து நீயே வா மோசசு. ஆனா இன்னா, வண்டி மொட்டையா கீது? எங்க குப்பத்துக் கண்ணு பொல்லாதது. ஒரு கயிறாவது கட்டக் கூடாது?"

மோசஸ் பின்சீட்டைக் காட்டினான். அங்கே அன்புசெல்வன் மீன் பெட்டிகளுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தான்.

"எங்க மச்சானக் கேளுங்க பெரியவரே. கயிறு கட்டுற எடமெல்லாம் அவருக்குத்தான் அத்துப்படி."