கைக்கெட்டும் தூரத்தில் ஒரு கயிறு

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வருடம். பொங்கல் முடிந்து இரண்டு, மூன்று வாரம் இருக்கும். ஈரோட்டில் கல்லூரிகளுக்கு இடையிலான நீச்சல் போட்டி. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. கோவைக்குத் தெற்கே, கிணத்துக்கடவு போகிற வழியில் இருந்த ஒரு புதிய பொறியியல் கல்லூரியில் நீச்சல் பயிற்சியாளராகச் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கல்லூரியில் நீச்சல் குளமே கிடையாது. விளம்பரப் புத்தகத்தில் இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் நீளமாக ஒரு பள்ளமும், அதற்குள் மேய்கிற நாலு ஆடும்தான். "அடுத்த வருசம் தண்ணி உட்ருவமுங்க. அதுக்குள்ள நீங்க டீமைத் தயார் பண்ணிப்போடுங்க" என்றார் முதல்வர்.

வேறு யாராவது என்றால் வேறு வேலை தேடியிருப்பார்கள். எனக்கோ கால் ஓரிடத்தில் நிற்காத வயது. உடற்கல்வி முடித்து, நீச்சல் பயிற்சிக்கென்று தனியாக ஒரு சான்றிதழும் வாங்கியிருந்தேன். முப்பது வயதுக்குள் ஒரு தேசியப் பதக்கக்காரனை உருவாக்கிக் காட்டுவேன் என்று நண்பர்களிடம் சவால் வேறு விட்டிருந்தேன். குளம் இல்லாவிட்டால் என்ன, கிணறு இருக்கிறதே என்று தோன்றியது.

கல்லூரிக்குப் பின்னால் ஒரு தென்னந்தோப்பு. அதில் எங்கள் பக்கத்துக்கே உரிய பெரிய சதுரக் கிணறு. சுற்றிலும் கல் கட்டு, ஒரு பக்கம் சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் படிக்கற்கள். தோட்டத்துக்காரரிடம் கேட்டு அனுமதி வாங்கினேன். மூலைக்கு மூலை கயிறு பிடித்து அளந்தேன். சரியாக இருபது மீட்டர் வந்தது. ஐந்து முறை குறுக்கே போனால் நூறு மீட்டர். என் மூளையை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

தினமும் காலை ஆறு மணிக்கு நாலு பையன்களோடு அங்கே இருப்பேன். எட்டு மணி ஆனால் மோட்டார் அறைப் பக்கமிருந்து தோட்டத்து அம்மாவின் குரல் வரும்.

"ஏனுங்க வாத்தியாரே, மோட்டாரு போடோணுங்க. உங்க மீனுகளை எல்லாம் மேல ஏத்துங்க!"

"இன்னும் ரெண்டே ரெண்டு தடவைங்க ஆத்தா!" என்று கிணற்றுக்குள்ளிருந்து ஒருவன் கத்துவான்.

"நீ இப்படிக் குதிச்சியின்னா தண்ணி தானா மேல வந்து தென்னைக்குப் பாஞ்சுரும். அப்புறம் எனக்கு மோட்டாரே வேண்டாஞ் சாமி!"

கத்துகிறவன் எப்போதும் ஒரே பையன்தான். வெள்ளகோவில் பக்கத்துக்காரன். அப்பா வீட்டோடு நாலு தறி போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார். மற்ற மூன்று பேரும் நகரத்துப் பையன்கள். சின்ன வயதிலேயே நீச்சல் குளத்தில் முறையாகப் பழகியவர்கள். இவன் மட்டும் கிணற்றைத் தவிர வேறு தண்ணீர் பார்த்ததில்லை. ஆனால் வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். மூலைக்கு வந்ததும் கல்லை உள்ளங்கையால் ஒரு பிடி பிடித்து, சுவரில் காலை ஊன்றி உந்துவான் பாருங்கள், பாதிக் கிணறு அந்த உந்தலிலேயே போய்விடும். முதல் சம்பளத்தில் வாங்கிய ஸ்டாப் வாட்ச் என் கழுத்தில் தொங்கும். அது காட்டிய நேரத்தை முதல் நாள் என்னால் நம்ப முடியவில்லை. வாட்சில் கோளாறோ என்று உதறிப் பார்த்தேன்.

கோளாறு வாட்சில் இல்லை. நூறு மீட்டருக்குள் நாலு இடத்தில் சுவர். ஒவ்வொரு சுவரிலும் ஒரு பிடி, ஒரு மூச்சு, ஒரு உந்தல். அடிக்கடி திரும்பினால் நேரம் குறைவாகத்தான் காட்டும் என்பதைப் பாடமாகப் படித்துத் தேர்வெழுதித் தேறியவன் நான். அந்தப் பையன் பிறந்ததிலிருந்து ஒரே மூச்சில் இருபது மீட்டருக்கு மேல் நீந்தியதே இல்லை என்பதும் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஆனால் வாட்ச் காட்டிய எண் அவ்வளவு அழகாக இருந்தது. மற்றதை நான் பார்க்க விரும்பவில்லை.

போட்டி நாளன்று பெருந்துறைக்கு முன்னால் எங்கள் பஸ் பஞ்சர். போய்ச் சேர்ந்தபோது பயிற்சி நேரம் முடிந்து, முதல் போட்டிக்கு விசில் ஊதிக்கொண்டிருந்தார்கள். ஐம்பது மீட்டர் குளம். சூரிய வெளிச்சத்தில் நீலமாக மின்னியது. வரிசைகளைப் பிரிக்க, சிவப்பும் வெள்ளையுமாக மிதவைகள் கோத்த கயிறுகள் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கட்டப்பட்டிருந்தன.

வெள்ளகோவில் பையன் குளத்தின் விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளே எட்டிப் பார்த்தான்.

"சார், அடி தெரியுதுங்க."

கிணற்றுத் தண்ணீர் கரும்பச்சையாக இருக்கும். எவ்வளவு ஆழம் என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் அப்படிச் சொல்கிறான் என்று நினைத்தேன்.

"தெரியட்டும். நீ கீழயா போகப்போறே?" என்றேன்.

அவன் குளத்தின் நீளத்தை ஒருமுறை பார்த்தான். "நடுவுல முடியாமப் போச்சுன்னா என்னங்க சார் பண்றது? புடிச்சுக்கறதுக்குக் கல்லு ஒண்ணையுங் காணமுங்களே."

கூட வந்த பையன் ஒருவன் குபீரென்று சிரித்தான். "டேய், இவனுக்கு ஊட்ல இருந்து ஒரு படிக்கல்லைக் கொண்டாரச் சொல்லுங்கடா. கொளத்துக்கு நடுவுல நட்டு வெச்சரலாம்!"

எல்லோரும் சிரித்தோம். அவனும்தான் சிரித்தான். பிறகு மிதவைக் கயிற்றைக் காட்டி, "அந்தக் கயித்தையாச்சும் புடிச்சுக்கலாமுங்களா சார்?" என்று கேட்டான்.

எனக்குப் பதற்றம். பெயர் கொடுக்க வேண்டும், நேரக் கணக்கர்களிடம் பேச வேண்டும். நகர்ந்துகொண்டே சொன்னேன்: "புடிச்சீன்னா அந்த நிமிசமே போட்டியில இருந்து தூக்கிருவாங்க. ஏழு மாசப் பாடு போயிரும். செத்தாலும் கயித்தைத் தொடாதே கண்ணு."

"செரிங்க சார்" என்றான்.

நூறு மீட்டர் போட்டி. அவனுக்கு ஆறாவது வரிசை, கடைசிக்கு முந்தையது. ஐம்பதாவது மீட்டரில் அவன் திரும்பும் நேரத்தைக் குறிக்க நான் எதிர் முனைக்கு ஓடிப்போய் நின்றுகொண்டேன். விசில் ஊதியது. கிணற்று மேட்டிலிருந்து பாய்வதைப்போல் பாய்ந்தான். இருபது மீட்டரில் அவன்தான் முதல். நான் குதித்தேன், கத்தினேன். கையை வீசு, கையை வீசு என்று கத்தியதாக ஞாபகம். பிறகு வாட்சைப் பார்த்தேன்.

அந்தப் போட்டியில் நான் செய்த வேலை அது ஒன்றுதான். வாட்சைப் பார்த்தேன். நொடி ஓடிக்கொண்டே இருந்தது. முதல் கை சுவரைத் தொட்டது, அது வேறு கல்லூரிப் பையனின் கை. அடுத்து ஒன்று, அடுத்து ஒன்று. ஆறாவது வரிசையில் யாரும் வரவில்லை. பின்தங்கிவிட்டானே என்று எனக்கு ஆத்திரம் வந்தது. பயம் வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. தண்ணீரெல்லாம் நுரை, வெயிலில் கண் கூசியது. நடுவர்கள் எல்லோரும் முன்னால் போகிறவர்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் சத்தம் போடவில்லை, கையை உயர்த்தவில்லை. முழுகுகிறவர்கள் சத்தமே போடுவதில்லை என்பதும் என் பாடப் புத்தகத்தில் இருந்ததுதான்.

ஏழாவது வரிசையில் வந்த பையன் திரும்பிப் போகும்போது நடுக்குளத்தில் சட்டென்று நின்றான். கீழே பார்த்தான். மூச்சை இழுத்து முழுகினான். நடுவர் ஒருவர், "ஏப்பா, என்னப்பா பண்றே?" என்று அதட்டியது கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஷூவோடு, வாட்சோடு குதித்தேன். நான் போய்ச் சேருவதற்குள் அந்தப் பையனே எங்கள் பையனை மேலே கொண்டுவந்திருந்தான்.

கரையில் போட்டு நெஞ்சை அழுத்தினேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். நாடி திரும்பக் கிடைத்தது. கண் திறக்கவில்லை. யாரோ ஒருவருடைய அம்பாசிடர் காரில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

ஏழாவது வரிசைப் பையனும் கூடவே வந்தான். ஈர ஜட்டியோடு, தோளில் ஒரு துண்டோடு ஆஸ்பத்திரி பெஞ்சில் நடுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் போட்டி போனது, பதக்கம் போனது. அதைப்பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. துண்டின் நுனியை முறுக்கிக்கொண்டே என்னிடம் சொன்னான்.

"சார், நான் பாக்கறப்ப கயிறு அவன் தோளுக்குப் பக்கத்துலதான் இருந்துச்சுங்க. கையை நீட்டியிருந்தாப் போதும். ஏன் புடிக்காம உட்டான்னே தெரியலீங்க."

எனக்குத் தெரியும்.

அவன் அப்பா சாயங்காலம் வந்து சேர்ந்தார். தலையிலும் சட்டையிலும் பஞ்சுத் துகள். தறியை அப்படியே நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறார். என்னைப் பார்த்ததும் கையெடுத்துக் கும்பிட்டார். "பையன் சதா உங்களைப் பத்தித்தானுங்க பேசுவான். நீங்க மனசு உட்ராதீங்க சார்" என்று எனக்கே ஆறுதல் சொன்னார். இரண்டு நாள் அந்த வராந்தாவில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தோம். மூன்றாம் நாள் காலையில் டாக்டர் வெளியே வந்து, முடிந்துவிட்டது என்றார்.

அப்போது பையனின் அப்பா என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"தண்ணிக்குள்ள போறதுக்கு முன்னால பையன் ஏதாச்சும் சொன்னானுங்களா சார்?"

"இல்லீங்க. சிரிச்சுட்டுத்தான் போனானுங்க" என்றேன்.

கல்லூரியில் அறிக்கை எழுதித் தரச் சொன்னார்கள். "திடீர்னு மயக்கம் வந்துச்சுன்னு எழுதுங்க சார், எல்லாருக்கும் நல்லது" என்றார் முதல்வர். எழுதிக் கையெழுத்தும் போட்டேன். அடுத்த வாரம் மீதி மூன்று பையன்களும் கிணற்று மேட்டில் வந்து நின்றார்கள். நான் போகவில்லை. மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கல்லூரி வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தது.

ஒரு மாதம் கழித்து வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறினேன். வீட்டைக் கண்டுபிடிப்பது சிரமமாக இல்லை. நாலு தறியும் ஓடுகிற சத்தம் தெருமுனையிலேயே கேட்டது. என்னைப் பார்த்ததும், "வாங்க சார், வாங்க" என்று பையனின் அப்பா தறிகளை ஒவ்வொன்றாக நிறுத்தினார். அவ்வளவு சத்தத்துக்குப் பிறகு வந்த அமைதியில் எனக்குக் காது அடைத்தது. அவன் அம்மா காபி கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

சொன்னேன். அவன் கேட்டது, நாங்கள் சிரித்தது, கயிற்றைக் காட்டியது, நான் நடந்துகொண்டே சொன்ன பதில், எதையும் விடாமல் சொன்னேன். அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

அப்பா தறியில் பாதியில் நின்ற துணியில் அறுந்திருந்த ஓர் இழையை எடுத்து முடிந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"சொன்ன சொல்லைத் தட்ட மாட்டானுங்க. சின்னதுல இருந்தே அப்படித்தானுங்க."

கதவோரம் நின்ற அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா எழுந்தார். "ஆறு மணி பஸ்ஸு வந்துருமுங்க. கெளம்புங்க" என்றார். நான் செருப்பை மாட்டுவதற்குள் முதல் தறியைப் போட்டுவிட்டார். பிறகு இரண்டாவது. நாலும் ஓடத் தொடங்கியபோது நான் தெருவில் இருந்தேன். அதற்கு மேல் அந்த வீட்டில் நான் என்ன சொன்னாலும் யாருக்கும் கேட்டிருக்காது.

திரும்பி வந்து கல்லூரிக்கு இரண்டாவது அறிக்கை ஒன்று எழுதிக் கொடுத்தேன். இந்த முறை நடந்ததை எழுதினேன். அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை. அடுத்த மாதத்திலிருந்து நான் வரவேண்டாம் என்று மட்டும் தகவல் வந்தது. ஒரு வருடம் சும்மா இருந்தேன். நீச்சலைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது. இப்போது வேறொரு கல்லூரியில் அதே வேலைதான் பார்க்கிறேன். இங்கே குளம் இருக்கிறது.

புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் நான் கையும் காலும் அடிக்கச் சொல்லித் தருவதில்லை. நடுக்குளம் வரைக்கும் கூட்டிப்போய்க் கயிற்றைப் பிடிக்கச் சொல்கிறேன். முடியவில்லை என்றால் பிடி, போட்டியானாலும் பிடி என்கிறேன். "இதென்னங்க சார் பாடம்?" என்று சிலர் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். ஸ்டாப் வாட்ச் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. நேரம் பார்க்கிற வேலையை ஒரு மாணவனிடம் விட்டுவிட்டேன்.

நான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும் யாராவது ஒரு பையன் தண்ணீரில் இறங்குமுன் திரும்பி, "சார்" என்று இழுத்தால், கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு அவன் கேட்டு முடிக்கிற வரைக்கும் நிற்கிறேன், ஏனென்றால் நான் போகிறபோக்கில் சொல்லிவிட்டு நகர்ந்துபோன ஒரு வார்த்தையைத் தன் உயிரைவிடப் பெரிதாக மதித்த ஒருவனை எனக்குத் தெரியும்.