குறைந்துபோன நாலு அவுன்ஸ்

போன புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, எங்கள் தோட்டத்து கேட்டில், பையில் ஒரு பால் டின்னோடு நான் பிடிபட்டேன்.

சிரிக்காதீர்கள். மலாக்கா டவுனில் உட்கார்ந்து இந்தப் பக்கத்தைப் படிக்கிற உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியலாம். சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவசரகாலச் சட்டம் வந்ததிலிருந்து எங்களைச் சுற்றி முள்கம்பி வேலி. வெளியே போக ஒரே ஒரு கேட். அதைத் தாண்டுகிற யாரும் ஒரு பிடி சோறுகூடக் கையில் கொண்டு போகக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்ச் சேர்ந்துவிடுமாம். ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களுக்கும் இதே சட்டம்தான். தோட்டத்து ஆபீசில் கணக்கு எழுதும் கிராணியின் மனைவியான எனக்கும் இதே சட்டம்தான்.

பெண்களைச் சோதிப்பதற்கென்றே கேட்டில் ஒரு பெண்ணைப் போட்டிருக்கிறார்கள். அஞ்சலை என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயரை எழுதி அவருடைய வேலைக்கு நான் உலை வைக்க விரும்பவில்லை.

“என்ன கிராணியம்மா இது... நீங்களே இப்படிச் செய்யலாமா?” என்று டின்னை வெளியே எடுத்து மேசை மேல் வைத்தார் அஞ்சலை. பின்னால் வரிசையில் நின்ற பத்துப் பதினைந்து பேரும் எட்டிப் பார்த்தார்கள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டின்னுக்காக அல்ல. அந்த டின் எதற்கு வாங்கினது என்பதை அத்தனை பேர் முன்னால் சொல்ல வேண்டியிருந்ததே, அதற்காக.

கொஞ்சம் பின்னால் போகிறேன். இரண்டு மாதமாக இந்தப் பக்கத்தில் நான் ஏன் எழுதவில்லை என்று கேட்டிருந்தீர்களே... பெண் குழந்தை பிறந்திருக்கிறது. அதுதான் பதில். முப்பதாம் நாள் சாமி கும்பிட்டு, தலைக்கு ஊற்றி, முதன்முதலாகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு டவுன் கிளினிக்குக்குப் போனேன். கூட என் நாத்தனார் ராசம்மா வந்தார். என் கணவரின் அக்கா. பிரசவத்துக்கு உதவியாக வந்தவர், குழந்தையை இன்னும் யார் கையிலும் நம்பி விடவில்லை. என் கையில்கூட.

அன்று நல்ல மழை. கிளினிக்கில் கூட்டம். தராசில் வைப்பதற்கு முன் குழந்தையின் துணியை அவிழ்க்க வேண்டும் என்றார் நர்ஸ் மிஸ்ஸி. அவர் யாழ்ப்பாணத்துக்காரர், கண்டிப்பானவர். நான்தான் கெஞ்சினேன். “இப்பத்தான் தூங்குச்சு மிஸ்ஸி, குளிருது வேற... அப்படியே வைங்களேன்.” முதல் பிள்ளைக்காரியின் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்கும். அதே மாதிரி வேறொரு துணியை எடைபோட்டுக் கழித்துக்கொள்கிறேன் என்று சொல்லி, மூட்டையாகவே தட்டில் வைத்தார்.

துணி கழித்து, ஒன்பது ராத்தல் எட்டு அவுன்ஸ்.

“வடிவா வளர்ந்திருக்கு” என்று கார்டில் எழுதிக் கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்த சீன அம்மாவிடமெல்லாம் கார்டைக் காட்டினேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம் கழித்து மறுபடி போனோம். இந்த முறை மழை இல்லை. துணியை அவிழ்த்து, குழந்தையை வெறும் உடம்போடு தராசில் வைத்தார்கள். ஒன்பது ராத்தல் நாலு அவுன்ஸ்.

மிஸ்ஸி கார்டைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். மறுபடியும் நிறுத்தார். அதே நாலு அவுன்ஸ் குறைவு.

“எத்தனை தரம் பால் குடுக்கிறீர்? ஒரு நாளைக்கு எத்தனை துணி நனைக்குது? குடிச்ச பிறகு நித்திரை கொள்ளுதா?” என்று வரிசையாகக் கேட்டார். பசித்து அழும்போதெல்லாம் கொடுக்கிறேன், நாளுக்கு எட்டு ஒன்பது துணி மாற்றுகிறேன், குடித்ததும் தூங்கிவிடுகிறாள் என்றேன். “பிறகென்ன... பிள்ளையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியேல்லை. ஒரு கிழமை பொறுத்து வாரும். அதுக்குள்ள ஒண்டையும் மாத்த வேண்டாம்” என்றார்.

அவர் சொன்னதில் என் காதில் விழுந்தது ஒன்றே ஒன்றுதான். குறைந்துவிட்டது.

தோட்டத்தில் ஒரு செய்தி கேட்டைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு லயம் போய்ச் சேர எவ்வளவு நேரமாகும்? நான் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றுவதற்குள் மூன்று பேர் வந்துவிட்டார்கள். “தாய்ப்பால் தண்ணியா இருக்கும்” என்றார் ஒருவர். “படிச்ச பொண்ணுங்களுக்கு எங்க பால் ஊறுது” என்றார் இன்னொருவர். படிப்புக்கும் பாலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிற தெம்புகூட எனக்கு அன்று இல்லை.

பிறகு வைத்தியம் தொடங்கியது. பூண்டைப் பாலில் வேகவைத்துக் கொடுத்தார் ராசம்மா அண்ணி. முருங்கைக் கீரை மூன்று வேளையும். என் கணவர் கோலா சுங்கை பாரு வரை சைக்கிளில் போய்ப் பால்சுறா வாங்கி வந்தார். நாலு நாள் தொடர்ந்து சுறாப்புட்டு தின்றேன். ஐந்தாம் நாள் என் மேலேயே எனக்குக் கடல் வாடை அடித்தது.

அத்தனையும் செய்தும் மனசு ஆறவில்லை. குழந்தை குடிக்கும்போதெல்லாம் அதன் கன்னத்தையே பார்ப்பேன். உள்ளே ஏதாவது போகிறதா? வெறும் வாயைத்தான் ஆட்டுகிறதா? ஊருக்கெல்லாம் வாராவாரம் பத்தி எழுதி அறிவுரை சொல்கிறேன்... பெற்ற பிள்ளைக்கு வயிறு நிறையப் பால் கொடுக்க எனக்கு வக்கில்லையா? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த ஒரு வாரம் எனக்கு என்னைக் கண்டாலே பிடிக்கவில்லை.

“ஒன்னும் ஆகாதுலா. நீ முதல்ல சாப்பிடு” என்பார் என் கணவர். அவருக்கும் பயம்தான். இல்லாவிட்டால் நான் கேட்காமலே ஒரு டின் பால் வாங்கி வந்திருப்பாரா?

அந்த டின்னின் கதையையும் கேளுங்கள். இப்போது கடையில் எந்த டின் வாங்கினாலும் கடைக்காரரே அதில் ஓட்டை போட்டுத்தான் கொடுக்க வேண்டும். யாரும் பதுக்கி வைத்துக் காட்டுக்கு அனுப்பிவிடக் கூடாதாம். சிம்பாங் அம்பாட்டில் மளிகைக்கடை வைத்திருக்கும் பாய், ஆணியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு, “கைப்பிள்ளைக்கா கிராணி? இந்தச் சூட்டுல ரெண்டு நாள் தாங்காதே” என்று வருத்தப்பட்டுக்கொண்டே இரண்டு ஓட்டை போட்டாராம். வீட்டுக்கு வருவதற்குள் எறும்பு ஏறிவிட்டது. அண்ணி அதைத் தண்ணீர்த் தட்டில் நிறுத்தி வைத்தார்.

காய்ச்சின நீரில் கலந்து ஒரு சங்கு புகட்டிப் பார்த்தோம். குழந்தை முகத்தைச் சுளித்து, பாதியை என் சேலையில் துப்பியது. மிச்சத்தைக் கொட்டிவிட்டேன். ஆனால் மனசுக்குள் ஒரு முடிவு செய்துகொண்டேன். புதன்கிழமை தராசில் இன்னும் ஒரு அவுன்ஸ் குறைந்தாலும், அன்று சாயங்காலத்திலிருந்து புட்டிப்பால்தான். இந்தப் பாலைக் கொடுக்கலாமா என்று மிஸ்ஸியிடம் காட்டிக் கேட்கத்தான் டின்னைப் பையில் போட்டேன். கேட்டில் இருக்கிற சட்டம் நினைவுக்கே வரவில்லை.

இப்போது கேட்டுக்கு வருவோம்.

நான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு விஷயத்தைச் சொன்னேன். “பிள்ளைக்கு எடை குறைஞ்சிடுச்சு அஞ்சலை. மிஸ்ஸிகிட்ட காட்டத்தான்...”

அஞ்சலையின் குரல் இறங்கிவிட்டது. “அழாதீங்கம்மா. டின் இங்கேயே இருக்கட்டும், வரும்போது எடுத்துக்கலாம்” என்றவர், வழக்கப்படி அண்ணியின் கையிலிருந்த குழந்தையை வாங்கி மேசையில் கிடத்தினார். முதல் முறை போனபோது பச்சைப்பிள்ளை என்று தொடாமலே விட்டுவிட்டார். இடையில் யாரோ குழந்தைத் துணிக்குள் அரிசி மறைத்துக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டதிலிருந்து, கைக்குழந்தையானாலும் துணியைத் தடவிப் பார்த்தே ஆக வேண்டும்.

அஞ்சலை துணி மடிப்புக்குள் கை விட்டார். சட்டென்று அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்தார்.

“வேணாம் அஞ்சலை. இன்னிக்கு அதை எடுக்காதே. போன தடவை நீ எடுத்த அன்னிக்குத்தான் பிள்ளைக்கு எடை குறைஞ்சிது.”

எதை எடுத்தார்?

நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்தேன். அஞ்சலை என் கண்ணைப் பார்க்காமல், குழந்தையின் கால்மாட்டு மடிப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து டின்னுக்குப் பக்கத்தில் வைத்தார். மஞ்சள் துணியில் சுற்றி, வாய் திறக்காமல் நூலால் இறுக்கிக் கட்டின பாக்குவெட்டி.

எங்கள் வீட்டுப் பாக்குவெட்டிதான். கைப்பிள்ளை இருக்கிற வீட்டில் காத்து கருப்பு அண்டாமல் இருக்கத் தொட்டிலுக்குள் இரும்பு வைப்பது நம் வழக்கம் என்று உங்களுக்குத் தெரியும். எங்கள் தொட்டிலிலும் அது இருந்தது, நானும் ஒன்றும் சொன்னதில்லை. ஆனால் அது குழந்தையோடு பஸ் ஏறி டவுனுக்குப் போய் வருகிறது என்பது எனக்குத் தெரியாது. சொன்னால் நான் கேலி செய்வேன் என்று அண்ணி மறைத்திருக்கிறார். குழந்தையை ஏன் என் கையில் கொடுக்காமல் தூக்கி வந்தார் என்பதும் அப்போதுதான் விளங்கியது.

“ரோட்டுல பட்டாளத்துக்காரங்க செக் பண்ணி, பிள்ளைத் துணிக்குள்ள இரும்பு ஆயுதம்னு சொல்லிட்டா யாரு பதில் சொல்றது? அதான் போன வாட்டி, நீங்க பஸ்ஸை நிறுத்த முன்னால போனப்போ வாங்கிவச்சு, சாயங்காலம் ராசம்மாக்கா கையில கொடுத்துட்டேன். உங்ககிட்ட சொல்லாதேன்னாங்க” என்றார் அஞ்சலை.

“அண்ணி... முதல் தடவை போனப்பவும் இது உள்ள இருந்துச்சா?”

“இல்லாம? முதன்முதலா வாசப்படி தாண்டுற பிள்ளையை வெறுமனே அனுப்புவாங்களா?”

முதல் தடவை இருந்தது. அன்று மூட்டையாக நிறுத்தோம். இரண்டாம் தடவை இல்லை. அன்று வெறும் உடம்பாக நிறுத்தோம்...

நான் சிரிக்க ஆரம்பித்தேன். அழுதுகொண்டே சிரித்தேன். பின்னால் நின்றவர்கள், கிராணியம்மாவுக்குப் பிரசவத்துக்குப் பிறகு ஏதோ ஆகிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். நினைத்தால் நினைக்கட்டும்.

பாக்குவெட்டியை நான் கையோடு கொண்டு போகிறேன் என்றேன். இது சாப்பாட்டுச் சாமான் இல்லையே? அஞ்சலை யோசித்தார். காவலுக்கு நின்ற மலாய்க்காரத் தம்பியிடம் ஏதோ சொன்னார். அவர் பொட்டலத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கைக்குழந்தையைப் பார்த்துவிட்டு, போகச் சொல்லிக் கையை ஆட்டினார். டின்தான் கேட்டில் தங்கியது.

கிளினிக்கில் நான் முதலில் பாக்குவெட்டியைத்தான் தராசில் வைத்தேன். மிஸ்ஸி என்னை ஒரு மாதிரி பார்த்தார். விஷயத்தைச் சொன்னதும், அந்தக் கண்டிப்பான மனுஷி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். பாக்குவெட்டி ஒரு ராத்தல் ஒரு அவுன்ஸ்.

அப்படியானால் முதல் தடவை என் பெண்ணின் எடை எட்டு ராத்தல் ஏழு அவுன்ஸ்தான். இரண்டு வாரத்தில் அவள் ஒரு அவுன்ஸ்கூடக் குறையவில்லை. பதிமூன்று அவுன்ஸ் ஏறியிருக்கிறாள்.

“பொறும், இண்டைக்கும் பார்ப்பம்” என்று துணியெல்லாம் அவிழ்த்து, மடிப்பையெல்லாம் உதறிப் பார்த்துவிட்டு, குழந்தையைத் தட்டில் வைத்தார் மிஸ்ஸி. ஒன்பது ராத்தல் பதினொரு அவுன்ஸ். ஒரே வாரத்தில் ஏழு அவுன்ஸ். எறும்பு மொய்த்த டின்னால் அல்ல, என் பாலால்.

“புட்டியைத் தொடங்கியிருந்தால் பிள்ளை உம்மட பாலைக் குறைச்சிருக்கும். அது குடிக்கக் குடிக்கத்தான் உமக்குச் சுரக்கும். டின்னில இருக்கிறது சீனிப்பால், பிள்ளை ஊதுமே தவிர உரமா வராது” என்றார். பிறகு கார்டை எடுத்து, முதல் வரியைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்தினார். பக்கத்தில் எதையோ இங்கிலீஷில் எழுதினார். பாக்குவெட்டிக்கு இங்கிலீஷில் என்ன என்று அவருக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. ஒரு சின்னப் படம் வரைந்திருக்கிறார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் குழந்தையை நானே மடியில் வைத்துக்கொண்டேன். பசித்தது, கொடுத்தேன். கன்னத்தைப் பார்க்கவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் ரப்பர் மரங்கள் என் கண்ணில் பட்டன.

எதற்குச் சொல்கிறேன் என்றால்... நம் வீடுகளில் ஒரு குழந்தை இளைத்ததாகத் தெரிந்தால் முதலில் யாரைச் சந்தேகப்படுகிறோம்? தாயை. நானே என்னைத்தான் சந்தேகப்பட்டேன். துணியைச் சந்தேகப்படவில்லை, தராசைச் சந்தேகப்படவில்லை. குழந்தை குடிக்கிறது, துணியை நனைக்கிறது, நன்றாகத் தூங்குகிறது என்று என் வாயாலேயே மிஸ்ஸிக்குச் சொன்னேனே, அதையும் நான் நம்பவில்லை. பிள்ளைக்காரிகளே, அடுத்த முறை யாராவது உங்கள் பாலைப் பற்றி ஏதாவது சொன்னால், முதலில் மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள்.

கேட்டில் டின்னைத் திருப்பிக் கொடுத்தார் அஞ்சலை. வீட்டில் பெரியவர்கள் அன்றைக்கே காப்பியில் ஊற்றி அதைத் தீர்த்துவிட்டோம்.

அண்ணிக்கு மட்டும் கணக்கை எப்படி விளக்கியும் ஏறவில்லை. “இரும்பு திருஷ்டிக்கு வைக்கிறது. அதுக்கு எடை இருக்கும்னு யாரு நினைச்சா?” என்றார். பிறகு குழந்தையைத் தொட்டிலில் போட்டு, பாக்குவெட்டியையும் பழைய இடத்தில் வைத்துவிட்டு, என்னைப் பார்த்து நிதானமாகச் சொன்னார்:

“எப்படியோ... இரும்பை எடுத்ததாலதான் பிள்ளைக்கு எடை குறைஞ்சிதுன்னு நான் சொன்னது சரியாப் போச்சுல்ல?”