அத்தையின் துப்பாக்கிப் பூண்

எங்கள் பூஜை அலமாரியில், குங்குமச் சிமிழுக்குப் பக்கத்தில், ஒரு விரல் நீளத்துக்கு இரும்புக் குழாய்த் துண்டு ஒன்று இருக்கிறது. ஒரு பக்கம் பிளந்து, உதடு வெளியே பிதுங்கியிருக்கும். வீட்டுக்கு வருகிறவர்கள் உலக்கைப் பூண் என்று நினைத்துக்கொள்வார்கள். நானும் ஆமாம் என்று சொல்லிவிடுவேன். துப்பாக்கியின் வாயில் இருந்தது என்று சொன்னால் நூறு கேள்வி வரும். எனக்கோ அந்தச் சொல்லைச் சொல்ல இன்றைக்கும் பயம்.

அது என் மாமியாரின் துப்பாக்கி. அவரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன். வேப்பந்தட்டைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் எங்கள் கடலைக்கொல்லை. மலையிலிருந்து இறங்கும் பன்றிகள் ஒரு சாயங்காலம் புகுந்தால் போதும், செடியைக் கிளறிப் போட்டுவிட்டுப் போய்விடும். அதற்காக மாமனார் லைசென்ஸ் எடுத்து வைத்திருந்த ஒற்றைக்குழல் துப்பாக்கி அது. அவர் இறந்தபோது மகன் சின்னப் பிள்ளை என்பதால் லைசென்ஸ் அத்தை பேருக்கு மாறிவிட்டது. வெள்ளைப் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, தோளில் துப்பாக்கியோடு அத்தை கொல்லைக்கு நடப்பதைப் பார்த்தால் பன்றியைவிட எனக்குத்தான் முதலில் நடுக்கம் எடுக்கும். வாயும் அப்படித்தான், சுட்டுவிட்டுத்தான் யோசிக்கும்.

எனக்குக் கல்யாணமானது யுத்த காலம். சில மாதங்களிலேயே என் வீட்டுக்காரர் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா பக்கம் போய்விட்டார். கிளம்பும்போது, "துப்பாக்கியப் பத்திரமா வச்சிரும்மா, வந்து வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். போகிறவன் ஏதோ ஒன்றைச் சொல்லவேண்டுமே என்று சொன்ன சொல்தான். அத்தை அதைப் பிடித்துக்கொண்டார். கடிதம் வருவது நின்று, தபால்காரர் தெருவில் திரும்பினாலே இருவரும் உள்ளே போய் ஒளிந்துகொண்ட நாட்களில், கடலை உரித்துக்கொண்டே ஒருநாள் சொன்னார்: "அது சுவத்துல தொங்குற வரைக்கும் அவனுக்கு ஒண்ணும் ஆவாது புள்ள." அதுவரை துப்பாக்கி வீட்டில் இருப்பதுதான் எனக்குப் பயம். அன்றிலிருந்து அது வீட்டைவிட்டுப் போய்விடுமோ என்பதும் சேர்ந்துகொண்டது.

அந்தத் துப்பாக்கிக்கு ஒரு குறை உண்டு. மாமனார் அதைப் பழையதாக வாங்கினார். அவருக்கு முன்பு வைத்திருந்தவர் காலத்திலேயே குழலின் நுனி கெட்டு வெட்டப்பட்டிருந்தது. குழல் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால், மறைத்து எடுத்துப்போகும் ஆயுதம் என்று சர்க்கார் கணக்கு, வைத்திருந்தாலே ஜெயில். அதனால் நுனியில் ஒரு பூணைச் சேர்த்து, கழற்றவே முடியாதபடி பற்றவைத்து, நீளத்தைச் சரிக்கட்டியிருந்தார்கள். லைசென்ஸில் எழுதியிருந்தது பூணோடு சேர்ந்த நீளம். வருஷா வருஷம் பெரம்பலூர் தாலுகா ஆபீசில் டேப் வைத்து அளப்பார்கள். அளந்து முடிக்கும்வரை அத்தை மூச்சு விடமாட்டார்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு அத்தை துப்பாக்கிக்குச் சந்தனம் பூசினார். வழக்கமாக ஒரு பொட்டோடு விடுவார். மகனிடமிருந்து சேதி இல்லாத வருஷம் அல்லவா, பூணைச் சுற்றி அப்பி, வாய்க்குள்ளும் விரலை விட்டுத் தாராளமாகப் பூசிவிட்டார். வெளியே இருந்ததை மறுநாள் துடைத்தார். உள்ளே இருந்தது வாயை அடைத்துக் கட்டியாகக் காய்ந்து போயிற்று. பூஜைக்கு அடுத்த வாரம் கொல்லையில் பன்றிக்கூட்டம் இறங்கியதும் வானத்தைப் பார்த்துச் சுட்டார். வழக்கமான சத்தமே இல்லை, இரும்பு கிழிகிற சத்தம். நான் கண்ணைத் திறந்தபோது அத்தை காதைப் பொத்திக்கொண்டு நின்றார், விரலிடுக்கில் ரத்தம். "காது போனாப் போவட்டும், துப்பாக்கியப் பாரு!" என்று கத்தினார். பூண் பிளந்து வாய் பிளந்தமாதிரி நின்றது.

அளவு பார்க்கும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காலமும் கெட்ட காலம். வெள்ளைக்காரனைப் போகச் சொல்லி எங்கேயோ தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், எங்கேயோ கம்பியை அறுத்தார்கள் என்று பேச்சு. போலீஸ் எந்த வீட்டுத் துப்பாக்கியைக் கண்டாலும் இரண்டாம் முறை பார்த்தது. உடைந்த பூணோடு கொண்டுபோனால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அத்தைக்கு நிச்சயம். சாக்கில் சுற்றிக்கொண்டு, பெட்ரோல் பஞ்சத்தில் கரி எரித்து ஓட்டிய பஸ்ஸில் இருமிக்கொண்டே அரியலூர் போனோம். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில், துப்பாக்கி ரிப்பேருக்குச் சர்க்கார் அனுமதி பெற்ற பாய் ஒருவர் பட்டறை வைத்திருந்தார். ரயிலில் பட்டாளத்துக்காரர்கள் போனார்கள். அத்தை வந்த காரியத்தை மறந்து, ஒவ்வொரு ஜன்னலாக முகம் தேடினார்.

பாய் குழலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "புதுப் பூண் செஞ்சு வச்சிரலாம்மா. ஆனா பழசக் கழட்டணுமில்ல? கழட்டுனதுலேருந்து புதுச மாட்டுற வரைக்கும் இது குட்டைத் துப்பாக்கி. அந்த நேரம் இது உங்க கையில இருந்தா நீங்க உள்ள போவீங்க, என் கையில இருந்தா நான் உள்ள போவேன். எனக்கு நாலு பொட்டப் புள்ளைங்க" என்றார்.

"அப்ப யாரு கையிலதான் இருக்கணும்?"

"சர்க்கார் கையில இருக்கட்டும். தாசில்தார்கிட்ட ஒப்படைச்சிட்டு உத்தரவு வாங்குங்க. நான் பூணோட அங்கயே வந்து, அவங்க கண்ணு முன்னாடியே மாட்டித் தரேன், இன்ஷா அல்லா."

ஒப்படைப்பது என்றதும் அத்தையின் முகம் செத்துவிட்டது. உள்ளே போன துப்பாக்கி யுத்தம் முடிகிறவரை திரும்பி வராது என்று ஊரெல்லாம் பேச்சு.  பஸ்ஸில் திரும்பும்போது சாக்கு மூட்டையைக் கைக்குழந்தைபோல் மடியில் வைத்திருந்தார். அவர் என்ன நினைக்கிறார் என்று எனக்குத் தெரியும், நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். இதைக் கொடுத்தால் பர்மாவுக்குப் போனவரையே யாருக்கோ கொடுத்த மாதிரி. மடத்தனம்தான். ஆனால் பயத்துக்குப் புத்தி சொல்லி யார் ஜெயித்தார்கள்?

கடைசியில் கொடுத்தோம். தாசில்தார் பூணைப் பார்த்துவிட்டு, "எப்படிம்மா வெடிச்சுது?" என்று அதட்டினார். அத்தை பொய் சொல்வார் என்றுதான் நான் நடுங்கினேன். "சாமி கும்பிட்டதுல வெடிச்சுதுங்க" என்றார். தாசில்தார் ஒரு நிமிஷம் விழித்துவிட்டு, மேஜைக்குப் பின்னால் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்போடு உத்தரவும் போட்டார்.

பாய் வந்த அன்று ஆபீஸ் வளாகத்துப் புங்கமரத்தடியில் உலை வைத்தார்கள். குமாஸ்தா நாற்காலி போட்டுக் காவலுக்கு உட்கார்ந்தார். பழைய பூண் கழன்று விழுந்ததும் துப்பாக்கி மொட்டையாக, கொலைக்கென்றே செய்ததுபோல் கிடந்தது. அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். கல்யாணமாகி வந்ததிலிருந்து அவர் என் கையைப் பிடித்ததே இல்லை.  அந்த நேரம் பார்த்தா ஒரு போலீஸ் அதிகாரி சைக்கிளில் வந்து இறங்கவேண்டும்! நேராக வந்து, குட்டைக் குழலைக் கையில் எடுத்து, "யாரு வூட்டுது இது?" என்றார். பாய் இடுக்கியைக் கீழே வைத்தார். குமாஸ்தா எழுந்து, சட்டைப் பையில் உத்தரவைத் தேடினார். 

அத்தைதான் சொன்னார்: "இப்போதைக்கு சர்க்கார் வூட்டுதுங்க. சாயங்காலமா எங்க வூட்டுது."

குமாஸ்தா உத்தரவைக் காட்டினார். அதிகாரி படித்துவிட்டு, குழலைக் கீழே வைத்துவிட்டுப் போனார். அவர் போனபிறகுதான் அத்தை மரத்தடியில் உட்கார்ந்தார்.  சாயங்காலம் அளந்தபோது நீளம் ஒரு நூலளவு கூடுதலாகவே இருந்தது. "கொறைஞ்சாத்தாம்மா குத்தம்" என்றார் பாய். பழைய பூணை அத்தை கேட்டு வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். துப்பாக்கி மறுபடி சுவரில் ஏறியது.

யுத்தம் முடிந்து என் வீட்டுக்காரர் வந்தார். முழுசாக, கை கால் எல்லாம் இருக்க வந்தார். அத்தை சுவரைப் பார்த்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். வந்த வாரத்திலேயே கொல்லையில் பன்றி இறங்கியது. அத்தை பெருமையோடு துப்பாக்கியை எடுத்துப்போய்ச் சுட்டார். மகன் பக்கத்தில் நிற்கிறான் என்ற தெம்பு. திரும்பிப் பார்த்தால் அவரைக் காணோம். கொல்லையோரம் நின்ற மாட்டுவண்டிக்கு அடியில், சக்கரத்தைக் கட்டிக்கொண்டு, முகத்தை மண்ணில் புதைத்துக் கிடந்தார். வேட்டி நனைந்திருந்தது. "வேணாம்மா... வேணாம்மா..." என்று சின்னப் பிள்ளைபோல் முனகினார். நானும் அத்தையும் இரண்டு பக்கமும் படுத்துத்தான் அவரை வெளியே எடுக்க முடிந்தது.

மறுநாள் காலையில் அத்தை குளித்துவிட்டு, துப்பாக்கியைச் சாக்கில் சுற்றிக்கொண்டு தனியாகப் பெரம்பலூர் போனார். வெறுங்கையோடு திரும்பினார். நான் கேட்காமலே, "பன்னி தின்னுட்டுப் போவட்டும்" என்றார். அந்த வருஷம் பாதிக் கடலை பன்றிக்குத்தான் போயிற்று. சுவரில் ஆணி மட்டும் இருந்தது. அதையும் ஒருநாள் பிடுங்கிப் போட்டார்.

அத்தை போய்விட்டார், அவரும் போய்விட்டார். இந்தப் பூண் என்னிடம் வந்து சேர்ந்தது. ஆயுத பூஜை வந்தால் சந்தனம் அரைத்து, பிளந்த வாய்க்குள்ளேயே விரலை விட்டு அத்தை மாதிரி தாராளமாக அடைக்கிறேன். அடைத்துவிட்டு, காயட்டும் என்று விட்டுவிடுகிறேன். இப்போது எவ்வளவு அடைத்தாலும் யாருக்கும் ஒன்றும் ஆகாது.