கஸ்தூரியின் இடது கை

காமயகவுண்டன்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் என்னோடு வேலை பார்த்த கஸ்தூரி யாரிடமும் பேச மாட்டாள். பந்தலில் குலை வெட்டக் கையைத் தூக்கியே நிற்க வேண்டும். ஒரு மாதமாக அவளது இடது கை தோளுக்கு மேல் எழவில்லை. பெண்கள் நாங்கள் சட்டை மாற்றும்போது அவள் மார்பிலிருந்த கட்டியை நான் பார்த்துவிட்டேன்.

அதைச் சொல்லத்தான் மருத்துவ முகாமுக்கு வந்தாள். டாக்டர் ஆண். "என்னம்மா செய்யுது?" என்று அவர் கேட்டதும், கூட வந்திருந்த அவள் நாத்தனார் ஈஸ்வரி முந்திக்கொண்டாள்.

"இவ வாயத் தொறக்க மாட்டா சார். வேலக்கள்ளி. சத்து மாத்திர குடுங்க, போதும்."

வரிசையே சிரித்தது. கஸ்தூரியும் சிரித்துவிட்டு மாத்திரையை வாங்கிக்கொண்டாள். பின்னால் நின்ற நானும் வாயைத் திறக்கவில்லை.

முகாம் முடிந்த ஏழாம் மாதம் கஸ்தூரி இறந்துபோனாள்.

"ஒரு வார்த்த சொன்னாளா, அழுத்தக்காரி!" என்று ஈஸ்வரி மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். துக்கத்துக்கு வந்தவர்கள் ஈஸ்வரியைத்தான் தேற்றினார்கள்.