இடப்பக்கம் பிரெஞ்சு, வலப்பக்கம் ஆங்கிலம்

இந்த ஊர் நூலகத்துக்குப் போய்வந்தால் எனக்குக் கழுத்து நோகும். பகிடி இல்லை. பிரெஞ்சுப் புத்தகங்களின் முதுகில் தலைப்பைக் கீழிருந்து மேலாக அச்சடிக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்களில் மேலிருந்து கீழாக. மொன்றியலில் இரண்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும். ஒன்றுக்குத் தலையை இடப்பக்கம் சாய்க்க வேண்டும், அடுத்ததற்கு வலப்பக்கம். சனிக்கிழமைகளில் நான் தட்டுத் தட்டாக இப்படித் தலையை ஆட்டிக்கொண்டு போவதைப் பார்த்து, அங்கே வேலை செய்யும் மதாம் ஒருநாள் பக்கத்தில் வந்து, ஏதாவது தேடுகிறீர்களா என்று கேட்டார். நான் எங்கள் வழக்கப்படி தலையைச் சற்றுச் சரித்தேன். “உய் ஊ நோன்?” என்றார். ஓமா, இல்லையா? தலையால் சொல்லும் ஓம் இங்கே செல்லாது, வாயால் சொல்ல வேண்டும் என்று அன்றுதான் தெரிந்தது.

அது இரண்டாயிரத்து நாலோ ஐந்தோ. மொன்றியலின் நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஓர் அப்பார்ட்மென்டில் இருந்தோம். என் கணவர் ஒரு உணவகத்தின் சமையலறையில் வேலை செய்தார். நான் ஓர் ஆடைத் தொழிற்சாலையில் சட்டைகளுக்கு லேபிள் தைத்தேன். எப்படித் தோய்ப்பது, எந்தச் சூட்டில் அயர்ன் பண்ணுவது என்று அதில் பிரெஞ்சில் ஒருமுறை, ஆங்கிலத்தில் ஒருமுறை இருக்கும். நாள் முழுக்க அதையே பார்த்திருந்ததில் எனக்கொரு கேள்வி வந்தது. இந்த எழுத்துகளை ஏன் இப்படி நெருக்கி வைத்திருக்கிறார்கள்? யார் இதைத் தீர்மானிப்பது? அதற்குப் பதில் தேடித்தான் முதல் புத்தகத்தை எடுத்தேன். அது எழுத்து வடிவங்களைப் பற்றியது. அது கணினிப் புத்தகத்துக்குக் கொண்டுபோய் விட்டது. கணினிப் புத்தகம், எழுதுவது எப்படி என்ற புத்தகத்துக்கு.

வீட்டில் கணினி இல்லை. இணையப் பக்கம் செய்யும் கட்டளைகளைப் பென்சிலால் கொப்பியில் எழுதிப் பழகினேன். நூலகத்தில் முன்கூட்டியே பெயர் கொடுத்தால் ஒரு மணிநேரம் கணினி தருவார்கள். அதில் நான் எழுதிய பக்கம் சொன்னபடி கேட்டது. அந்தச் சந்தோஷப் புளுகத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைத் திறந்தேன். எழுத்துக்குப் பதிலாக வரிசை வரிசையாக வெறும் பெட்டிகள் வந்தன. பக்கத்தில் இருந்தவர் எட்டிப் பார்த்து, கணினி பழுதா என்று கேட்டார். என் மொழி என்று சொல்ல வாய் வரவில்லை. பழுதுதான் என்று சொல்லிவிட்டேன்.

எழுதுவது பற்றிய புத்தகம், தேவையில்லாத சொல் எல்லாவற்றையும் வெட்டு என்றது. சரி, வெட்டிப் பார்ப்போமே என்று யாழ்ப்பாணத்தில் இருக்கும் என் அக்காவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். சுகம் விசாரிக்கவில்லை, இங்கே எல்லோரும் நலம் என்ற வரியும் இல்லை. நேரே விஷயம். “என்ன பிள்ளை, என்னோடை கோவமோ? கடிதம் தந்தி மாதிரி வந்து கிடக்கு” என்று பதில் வந்தது. மூன்று துறைப் புத்தகங்களும் சுற்றிச் சுற்றி ஒன்றைத்தான் சொல்லின: வேண்டாததை எடு, மிச்சம் அழகாகும். வீடு, ஊர், உறவு என்று எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டதே ஐயா, இனி நான் எதை எடுக்க?

என் கணவருக்கு இந்தக் கண்டபடி வாசிப்பு பிடிக்கவில்லை. “இஞ்சேரும், சமையல் பழகினா சமையல்காரன், தையல் பழகினா தையல்காரி. நீர் எல்லாத்திலையும் வாய் வைச்சா கடைசியிலை என்னவா வருவீர்?”

“ஒண்டாவும் வரேல்லை எண்டால் இப்ப என்ன?” என்று சண்டைக்குப் போனேன். பொய். எனக்கு ஒன்றாக வர வேண்டும் என்ற ஆசை உயிரைத் தின்றது. ஊரில் உயர்தரப் பரீட்சைக்கு இரண்டு கிழமை இருக்கும்போது நாங்கள் இடம்பெயர்ந்தோம். அதோடு என் பள்ளிக்கூடம் முடிந்தது. எங்கள் சனத்துக்குப் படித்த பிள்ளை என்றால் தனி மரியாதை. அந்தப் பெயரைத்தான் நான் நூலகத் தட்டுகளில் தேடிக்கொண்டிருந்தேன். பேப்பரை வாசிப்போம், பாடத்தைப் படிப்போம். ஆனால் ஒரு புத்தகத்தைக் குறிப்பெடுத்து, திரும்பத் திரும்ப ஊன்றிப் பார்த்தால் அதையும் படிப்பு என்றுதான் தமிழில் சொல்லுவோம். இந்தச் சொல்தான் என்னைக் கவிழ்த்தது.

வீட்டுக்குக் கிட்ட இருந்த டெபனூர் என்ற சந்திக்கடையின் கதவில் ஒரு விளம்பரம் கண்டேன். உணவகங்களுக்கு மெனு, கடைகளுக்குத் துண்டுப்பிரசுரம் செய்யும் சின்ன நிறுவனம் ஒன்றுக்கு, பக்கம் வடிவமைக்க ஆள் வேண்டுமாம். போனேன். அங்கிருந்த சிவப்புக் கண்ணாடி மதாம் ஒரு மெனுவை நீட்டி, இதில் என்ன பிழை என்று கேட்டார். சாப்பாட்டுப் பெயர்கள் ஒன்றோடொன்று முட்டுகின்றன, கண்ணுக்கு மூச்சுவிட இடமில்லை என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். “ட்ரே பியான்!” மிக நல்லது என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். இதெல்லாம் எப்படித் தெரியும் என்றார். “எத்யூதியே,” படித்தேன் என்றேன். எங்கே என்றார். “பிப்லியோதெக்கில்” என்றேன். பல்கலைக்கழக நூலகமே கதியென்று கிடந்திருக்கிறேன் என்று நினைத்தாராக்கும், வாய்விட்டுச் சிரித்து எதையோ குறித்துக்கொண்டார். படித்ததற்கு அத்தாட்சியை அடுத்த கிழமை கொண்டுவாருங்கள், வேலை அநேகமாகச் சரி என்றார். வீடுவரை பஸ் ஏறாமல் நடந்தே வந்தேன்.

அத்தாட்சிதானே? நாலு வருடமாக எடுத்த புத்தகங்கள் எல்லாம் என் கொப்பியில் இருந்தன. நூலகக் கணினியில் அவற்றைப் பட்டியலாக அடித்தேன். ஓரத்தில் தாராளமாக இடம் விட்டேன், வரிகளுக்கிடையே காற்று விட்டேன், ஒரு சொல் மிகையாக வைக்கவில்லை. இரண்டு பக்கம். சீல் குத்தாத தாளை எங்கள் ஊரில் எவன் மதிப்பான்? நூலக மதாமைக் கெஞ்சி, இரண்டு பக்கத்திலும் திகதி முத்திரையைக் குத்துவித்தேன். அவர் ஏன் என்று கேட்டார், வேலைக்கு என்றேன். விளங்கவில்லை, ஆனாலும் குத்தினார்.

சிவப்புக் கண்ணாடி மதாம் அந்தத் தாள்களை வெகுநேரம் பார்த்தார்.

“இந்தப் பக்கத்தை வடிவமைத்தது யார்?”

“நான்தான்.”

“அழகாக இருக்கிறது” என்றார். பிறகு பட்டியலில் விரலை வைத்து, “இவற்றையெல்லாம் நீங்கள் ‘லூ’, அதாவது வாசித்திருக்கிறீர்கள். எத்யூதியே இல்லை” என்றார். திப்லோம், படிப்பு முடித்த சான்றிதழ், எங்கே என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. எத்யூதியே என்றால் அவர்களுக்குக் கல்லூரியில் சேர்ந்து படிப்பது. அவருடைய மொழியில் நான் பொய் சொல்லியிருக்கிறேன். என் மொழியில் சொன்னது சத்தியம். திப்லோம் கட்டாயம் என்பது தான் மாற்றக்கூடிய விதி இல்லை என்றார், உண்மையாகவே கவலைப்பட்டார். திட்டியிருந்தால் திருப்பிக் கதைத்திருப்பேன். கவலைப்படுகிறவரோடு என்ன செய்வது? தாள்களை மடிக்காமல் கவனமாகத் திருப்பித் தந்தார்.

“ஏன், என்னவாம்?” என்று என் கணவர் கேட்டார். நடந்ததைச் சொன்னேன். பகிடி பண்ணுவார் என்று பார்த்திருந்தேன். பண்ணவில்லை. “தேத்தண்ணி குடிக்கிறீரோ?” என்று மட்டும் கேட்டார். அதற்குத்தான் அழுதேன்.

அடுத்த சனிக்கிழமை, இருந்த புத்தகங்களைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். வழமையான தட்டின் முன் நின்றேன். இடப்பக்கமும் கழுத்து போகவில்லை, வலப்பக்கமும் போகவில்லை. மூலையில் தமிழுக்கு அரைத் தட்டு உண்டு. அங்கே போனேன். எல்லாம் மெல்லிய புத்தகங்கள். முதுகில் தலைப்பு அச்சடிக்க இடமே இல்லை. நூலகத்தார் ஒட்டிய வெள்ளைத் துண்டில் ‘டி-ஏ-எம்’ என்று தமிழைக் குறிக்கும் மூன்று ரோமன் எழுத்து மட்டும். தலையை நேராக வைத்துக்கொண்டு நிற்கலாம். வாசிக்க ஒன்றும் இல்லை.

முத்திரை குத்தித் தந்த மதாம் பக்கத்தில் வந்தார். வேலை கிடைத்ததா என்று கேட்கப் போகிறார் என்று பயந்தேன். அவர், தேடியது கிடைத்ததா என்றுதான் கேட்டார். என் தலை தன்பாட்டில் சரிந்தது.

“உய் ஊ நோன்?” என்றார் சிரித்தபடி. சரிந்த தலையோடு அப்படியே நின்றேன்.